கேன்சஸ் மாநிலத்தின் ஒதுக்குப்புறக் காட்சிகள்

அமெரிக்காவின் நட்டநடுவே கிடக்கும் கேன்சஸ், சுற்றுலாக்காரர்கள் தூங்கிக்கொண்டே கடந்துவிடும் மாநிலம் என்று பெயர் வாங்கியது. கிழக்கே கேன்சஸ் சிட்டியிலிருந்து மேற்கே கொலராடோ மலைகளுக்குப் போகிறவர்கள் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் எல்லை தாண்டும்வரை இறங்குவதில்லை. பரப்பு சுமார் 2,13,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 30 லட்சத்தை எட்டவில்லை. அதிலும் பெரும்பகுதி விச்சிட்டா, டொபீகா, கேன்சஸ் சிட்டியின் புறநகர்கள் என்று கிழக்குப் பாதியிலேயே குவிந்திருக்கிறது. மீதி நிலத்தில் கோதுமை, சோளம், மேய்ச்சல் புல், இடையிடையே ஒரு தானியக் குதிர்.

2003-இல் நகைச்சுவை அறிவியல் இதழ் ஒன்று, கேன்சஸ் நிலப்பரப்பையும் ஒரு பான்கேக்கையும் அளந்து ஒப்பிட்டு, பான்கேக்கைவிடக் கேன்சஸ்தான் தட்டை என்று முடிவு சொன்னது. அளக்கும் முறையிலேயே விளையாட்டு இருந்ததால் அந்த முடிவை யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தென்கிழக்கு மூலையில் கடல் மட்டத்திலிருந்து 700 அடிக்கும் கீழே தொடங்கும் நிலம், மேற்கு எல்லையில் 4,039 அடி உயரமுள்ள மவுண்ட் சன்ஃபிளவரில் போய் முடிகிறது. ஏற்றம் 600 கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தென்மேற்கில் உள்ள லிபரல் என்ற ஊரோ பான்கேக்கையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. 1950 முதல் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அங்கே பெண்கள் வாணலியில் பான்கேக்கை ஏந்திக்கொண்டு 415 கெஜம் ஓடுகிறார்கள். அதே நாளில் இங்கிலாந்தின் ஓல்னி ஊர்ப் பெண்களும் ஓடுவார்கள். இரு ஊர் நேரத்தையும் ஒப்பிட்டு வென்றவர் யார் என்று அறிவிப்பார்கள்.

இத்தகைய ஊர்களையும் அவற்றின் விநோதங்களையும் புரிந்துகொள்ள, அவை ஏன் அங்கே முளைத்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1862-இன் வீட்டுமனைச் சட்டம், ஐந்தாண்டு தங்கி உழுபவருக்கு 160 ஏக்கர் நிலத்தைக் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்தது. 1870-களிலும் 80-களிலும் ரயில் பாதைகள் வந்தன. விவசாயி குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிவந்து இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமே என்ற கணக்கில், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும் அதைச் சுற்றி ஓர் ஊரும் எழுந்தன. டிராக்டரும் காரும் வந்தபின் அந்தக் கணக்கு பொய்த்துப்போயிற்று. 160 ஏக்கரில் பத்துப் பேர் செய்த வேலையை ஆயிரக்கணக்கான ஏக்கரில் இரண்டு பேர் செய்துமுடிக்கிறார்கள். வட எல்லையில் உள்ள ஜூவல் மாவட்டத்தில் 1900-இல் 19,000-க்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2020-இல் 3,000-க்கும் குறைவு. பள்ளி, வங்கி, துணிக்கடை, கடைசியில் மளிகைக்கடை என்று ஒவ்வொன்றாக மூடிய பிறகும் ஊர் கலையவில்லை. கேன்சஸின் ஒதுக்குப்புறக் காட்சிகளில் பெரும்பாலானவை இப்படி மிஞ்சிப்போனவற்றிலிருந்து உண்டானவை. வேலை முடிந்த சுரங்கம், வற்றிய கடல், கட்டு பிரித்த கயிறு, பயன் தீர்ந்த இயந்திரம் இவற்றைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு, பார்க்க வாருங்கள் என்று கூப்பிடுவதே அங்கே சுற்றுலா.

மாநிலத்தின் நடுவே வடபகுதியில் மரமே அரிது. குடியேறியவர்கள் வேலி போட மரக்கால் கிடைக்காமல் தவித்தபோது, தரைக்குச் சற்றுக் கீழே ஒரே சீரான கனத்தில் படிந்திருந்த சுண்ணாம்புக்கல் அடுக்கு கைகொடுத்தது. வெட்டியெடுக்கும்போது மெத்தென்று இருக்கும் இந்தக் கல் காற்றுப்பட்டதும் இறுகிவிடும். வரிசையாகத் துளையிட்டு ஆப்பு அடித்துப் பிளந்து, ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடையைவிடக் கனமான கம்பங்களாக்கி நட்டார்கள். இன்றும் அந்தப் பக்கம் ‘போஸ்ட் ராக்’ வட்டாரம் என்றே அழைக்கப்படுகிறது. மஞ்சள் கல் கம்பங்கள் சாலையோரம் மைல் கணக்கில் நிற்கின்றன. கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய முள்கம்பிக்கும் லா கிராஸ் என்ற ஊரில் தனி அருங்காட்சியகம் இருக்கிறது. 1874-இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்றதற்குப் பிறகு முள்கம்பி செய்யாத கொல்லன் இல்லை என்னும்படி வகைகள் பெருகின. 2,000-க்கும் மேற்பட்ட வகைகளை இங்கே துண்டு துண்டாக வெட்டிப் பலகையில் அறைந்து வைத்திருக்கிறார்கள். மரமில்லாத ஊரில் சுள்ளி கிடைக்காத அண்டங்காக்கை ஒன்று முள்கம்பித் துண்டுகளாலேயே கட்டிய கூடும் காட்சிக்கு உண்டு. முள்கம்பியில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்பவர்கள்கூட அந்தக் கூட்டின் முன் சற்று நிற்பார்கள்.

கல் வட்டாரத்தின் மையமாகச் சொல்லத் தகுந்த ஊர் லூகாஸ். மக்கள்தொகை முந்நூற்றுச் சொச்சம். உள்நாட்டுப் போரில் வடபடைச் சிப்பாயாக இருந்த சாமுவேல் பெரி டின்ஸ்மோர் 1907-இல் தம் 64-ஆம் வயதில் இங்கே வீடு கட்டத் தொடங்கினார். சுண்ணாம்புக் கல்லை மரக்கட்டைபோல் நீள நீளமாகச் செதுக்கி, மரக்குடிசை போலவே தோன்றும் கல்வீடு. அது முடிந்ததும் வீட்டைச் சுற்றிச் சிமெண்டில் ஒரு தோட்டம் எழுப்ப ஆரம்பித்தார். ஆதாம், ஏவாள், பாம்பு, காயீன், ஆபேல், கண்காணிக்கும் கடவுளின் கண் எல்லாம் நாற்பதடி வரை உயர்ந்த சிமெண்டு மரங்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சுமார் 20 ஆண்டு உழைப்பில் 100 டன்னுக்கு மேல் சிமெண்டு செலவாயிற்று. இரவில் தெரிவதற்காகச் சிலைகளுக்குள் மின்விளக்குகளையும் பொருத்தினார்.

விவிலியக் கதை வீட்டின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது. திரும்பினால் அரசியல். டின்ஸ்மோர், 1890-களில் கேன்சஸ் விவசாயிகளைக் கிளர்ந்தெழச் செய்த மக்கள் கட்சியின் சிந்தனையில் ஊறியவர். தானியத்துக்கு ரயில் கம்பெனி வைத்ததே கட்டணம், கடனுக்கு வங்கி வைத்ததே வட்டி என்றிருந்த காலத்தின் கோபம் அவருடைய சிலைகளில் உறைந்து நிற்கிறது. ‘உழைப்பு’ என்ற மனிதன் சிலுவையில் அறையப்பட்டிருக்க, அறைபவர்களாக வழக்கறிஞர், வங்கிக்காரர், போதகர், மருத்துவர் நால்வரும் சூழ்ந்திருக்கிறார்கள். ஏகபோக நிறுவனம் எட்டுக்கால் பிராணியாகக் கையில் அகப்பட்டதையெல்லாம் பற்றுகிறது. கலைக்கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு முதியவர் தம் சொந்தக் கொல்லையில் இந்த வாதத்தை வைத்திருப்பதும், ஒருநாள் பார்வையாளர்கள் காசு கொடுத்து வருவார்கள் என்று அவர் ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டதும் இந்த இடத்தைக் கேலிப்பொருள் வரிசையிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

அந்தக் கணக்கு அவருடைய மரணத்தையும் விட்டுவைக்கவில்லை. தோட்டத்தின் மூலையில் கல்லறை மண்டபம் ஒன்றையும் தாமே கட்டினார். 1917-இல் இறந்த முதல் மனைவியின் உடலை ஊர் இடுகாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்து கான்கிரீட்டால் மூடினார். 81-ஆம் வயதில் இருபது வயதுப் பெண்ணை மறுமணம் செய்து, இரண்டு குழந்தைகளுக்கும் தகப்பனானார். 1932-இல் இறந்தபோது, அவர் ஏற்கெனவே செய்துவைத்த கண்ணாடி மூடிப் பெட்டிக்குள் உடல் வைக்கப்பட்டது, இன்றும் பார்க்கலாம். குடும்பத்தார் தவிர வேறு யாரும் ஒரு டாலருக்குக் குறைவாகக் கொடுத்துத் தம்மைப் பார்க்கக் கூடாது, அந்தப் பணம் இடத்தைப் பராமரிக்க உதவட்டும் என்பது அவர் வைத்துப்போன ஏற்பாடு. தோட்டத்துக்கு அவர் இட்ட பெயர் ‘ஏதேன் தோட்டம்’. 1977-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. கறையும் பாசியும் ஏறிக் கறுத்திருந்த சிலைகளை 2012 வாக்கில் விஸ்கான்சினின் கோலர் அறக்கட்டளை சுத்தம் செய்து பழுதுபார்த்தது.

டின்ஸ்மோரின் துணிச்சல் ஊருக்கே தொற்றிக்கொண்டது. பயிற்சி பெறாத கலைஞர்களின் படைப்புகளுக்காகக் கிராஸ்ரூட்ஸ் கலை மையம் லூகாஸில் இயங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் பெருகியதும் பொதுக் கழிப்பறை தேவைப்பட்டது. கட்டுகிறோம் என்றால் அதையும் ஒரு காட்சியாகவே கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். 2012-இல் திறந்த ‘பௌல் பிளாசா’ முழுவதுமே ஒரு மாபெரும் கழிப்பறைக் கோப்பையின் வடிவம். சுவரெங்கும் பீங்கான் சில்லுகளும் பொம்மைகளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்திருக்கிறார்கள். சுருள் காகிதம்போல் ஒரு குட்டைச் சுவரும் வெளியே வளைந்தோடுகிறது.

லூகாஸிலிருந்து வடக்கே காக்கர் சிட்டி. 500 பேர்கூட இல்லாத இந்த ஊரின் பெருமை ஒரு கயிற்று உருண்டை. ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி 1953-இல், வைக்கோல் கட்டுகளைப் பிரித்ததும் களஞ்சியத்தில் சிதறிக்கிடந்த கற்றாழை நார்க் கயிறுகளை முடிந்து உருட்டத் தொடங்கினார். கால்நடை தடுக்கி விழாமல் இருக்கவும், பிறகு உதவும் என்ற சிக்கனத்தாலும் செய்த காரியம் நாலு வருடத்தில் எட்டடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. 1961-இல் அதை ஊருக்குக் கொடுத்தபோது அதில் 16 லட்சம் அடி கயிறு இருந்தது. 1974-இல் ஸ்டோபர் இறந்தார். உருண்டை வளர்வது நிற்கவில்லை. பிரதான வீதியில் ஒரு கூரையின் கீழே அது இருக்கிறது. வருகிறவர் எவரும் கயிறு வாங்கித் தம் பங்குக்குச் சுற்றிவிட்டுப் போகலாம். ஆகஸ்டு மாதம் ஊர்த் திருவிழாவோடு கூட்டாகக் கயிறு சுற்றும் நாளும் வரும்.

இதற்குப் போட்டி மின்னசோட்டாவின் டார்வின் ஊர். அங்கே ஃபிரான்சிஸ் ஜான்சன் 1950-இல் தொடங்கி 29 ஆண்டு தனியாகவே சுற்றிய உருண்டை 17,400 பவுண்டு. தனி மனிதர் சுற்றியதில் பெரியது எங்களுடையது என்று டார்வின் சொல்ல, இன்றும் வளர்வது எங்களுடையது என்று காக்கர் சிட்டி பதில் சொல்கிறது. ஒன்று கண்ணாடிக் கூண்டுக்குள் முடிந்துபோன சாதனை, மற்றொன்று முடிக்க மனமில்லாத ஊர்வேலை. ஊர் என்ற அமைப்பு தேய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் இரண்டாவதற்கே அர்த்தம் கூடுதல் என்று தோன்றுகிறது. காக்கர் சிட்டி நடைபாதையில் கயிறுபோல ஒரு கோடு வரைந்திருக்கிறார்கள். கடைச் சன்னல்களில் உலகப் புகழ்பெற்ற ஓவியங்களின் நகல்கள், ஒவ்வொன்றிலும் எங்காவது அந்த உருண்டை.

அருகிலுள்ள ஸ்மித் மாவட்டத்தின் லெபனான் ஊருக்கு உருண்டைகூடத் தேவைப்படவில்லை. ஒரு புள்ளி போதுமானதாயிற்று. 1918-இல் கடற்கரை மற்றும் நில அளவைத் துறை, ஒட்டிக்கிடக்கும் 48 மாநிலங்களின் வடிவத்தை அட்டையில் வெட்டி, அது எந்தப் புள்ளியில் சமநிலையாக நிற்கிறது என்று பார்த்தது. அந்தப் புள்ளி லெபனானுக்கு அருகே ஒரு பன்றிப் பண்ணையில் விழுந்தது. சொந்தக்காரர் ஆட்கள் மிதித்துத் திரிவதை விரும்பாததால் நினைவுக்கல் சற்றுத் தள்ளி 1940 வாக்கில் எழுந்தது. சுற்றுலா பெருகும் என்று நம்பிப் பக்கத்தில் கட்டிய தங்கும் விடுதி நிலைக்கவில்லை. 1959-இல் அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களானதும் நாட்டின் மையம் தெற்கு டகோட்டாவுக்குப் போய்விட்டது. லெபனான் அசரவில்லை, ‘ஒட்டிக்கிடக்கும்’ என்ற அடைமொழியை விடாமல் பிடித்துக்கொண்டது. நினைவுக்கல்லுக்கு அருகே ஒரு சிலர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு குட்டித் தேவாலயம் இருக்கிறது. 2021-இல் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தோன்றிய ஒரு ஜீப் விளம்பரத்தில் அது இடம்பெற்றதும் கோடிக்கணக்கானவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

மேற்கே போகப் போக மனிதக் கைவேலை குறைந்து நிலமே காட்சியாகிறது. சுமார் எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து ஓர் உள்நாட்டுக் கடல் கிடந்தது. நுண்ணுயிர் ஓடுகள் அதன் அடியில் படிந்து சுண்ணமாயின. கடல் வற்றி, ஆறுகள் அறுத்து, காற்று தேய்த்தபின் எஞ்சியவை கோவ் மாவட்டத்தின் மானுமென்ட் ராக்ஸ். சமவெளியின் நடுவே, எந்த முன்னறிவிப்புமில்லாமல், எழுபதடி வரை உயர்ந்த வெள்ளைச் சுவர்கள். ஒன்றின் நடுவே சாளரம்போல ஓட்டை. தனியார் மேய்ச்சல் நிலத்தில் நின்றாலும் எவரும் வந்து பார்க்க உரிமையாளர்கள் விட்டிருக்கிறார்கள். நுழைவுச் சீட்டோ கடையோ அங்கே கிடையாது. ஏறக் கூடாது, கல்லைச் சுரண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு. சற்றுத் தொலைவில் லிட்டில் ஜெருசலேம் என்ற சுண்ணப் பள்ளத்தாக்கு. பல தலைமுறை தனியார் பண்ணைக்குள் மறைந்துகிடந்த அதை நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு வாங்கியது. 2019-இல் மாநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

அந்தக் கடலில் நீந்தியவற்றைப் பார்க்க ஹேஸ் நகரின் ஸ்டெர்ன்பெர்க் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே புகழ்பெற்றது மீனுக்குள் மீன். 1952-இல் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் கோவ் மாவட்டத்தில் தோண்டியெடுத்த 14 அடி நீளச் சிஃபாக்டினஸ் என்ற மீனின் வயிற்றுக்குள், அது விழுங்கிய ஆறடி நீள மீன் எலும்பு குலையாமல் இருக்கிறது. பேராசையால் திணறிச் செத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

பூமிக்கு அடியிலும் ஒரு கேன்சஸ் இருக்கிறது. 1887-இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு ஹட்சின்சன் அருகே உப்பு அகப்பட்டது. 1923-இல் தொடங்கிய சுரங்கத்தின் பழைய பகுதி 2007 முதல் ‘ஸ்டிராட்டாகா’ என்று இப்போது அழைக்கப்படும் அருங்காட்சியகமாக இருக்கிறது. பார்வையாளரைத் தலைக்கவசம் மாட்டி இருட்டில் ஒன்றரை நிமிடம் இறக்கி 650 அடிக்குக் கீழே விடுகிறார்கள். வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 20 பாகை. காற்றில் ஈரம் குறைவாதலால் எதுவும் கெடுவதில்லை. கீழே கொண்டுபோன எதையும் மேலே ஏற்றுவது செலவு என்பதால் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் எறிந்த சாப்பாட்டுப் பொட்டலமும் செய்தித்தாளும் போட்டது போட்டபடி கிடக்கின்றன. இந்த உலர்வைக் கண்டுகொண்ட ஒரு நிறுவனம் 1959 முதல் அங்கே ஆவணக் காப்பறை நடத்துகிறது. எண்ணெய்க் கம்பெனிக் கோப்புகளோடு ஹாலிவுட் படங்களின் மூலச் சுருள்களும் உப்புக்குள் பத்திரமாக இருக்கின்றன.

அதே ஹட்சின்சனில் காஸ்மோஸ்பியர். 1962-இல் மாநிலக் கண்காட்சித் திடலின் கோழிக் கொட்டகையில், பழைய வான்காட்சிக் கருவி ஒன்றையும் வாடகை நாற்காலிகளையும் வைத்துப் பட்ரீஷியா கேரி என்ற பெண்மணி தொடங்கிய சிறு கோளரங்கம், இன்று உலகின் முக்கியமான விண்வெளி அருங்காட்சியகங்களில் ஒன்றாகிவிட்டது. விபத்திலிருந்து உயிர் தப்பி வந்த அப்போலோ 13-இன் கட்டளைக் கலம் இங்கேதான் இருக்கிறது. சிதறிப்போயிருந்த அதன் பாகங்களை ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்துப் பொருத்தியவர்கள் இவர்களே. 1961-இல் அட்லாண்டிக்கில் மூழ்கி 1999-இல் மீட்கப்பட்ட லிபர்ட்டி பெல் 7 கலத்தைச் சுத்தம் செய்து நிறுத்தியதும் இந்தப் பட்டறை. கோதுமைச் சந்தை ஊரில் இது எப்படி என்று வியப்பவர்கள், களத்துமேட்டில் டிராக்டரைக் கழற்றி மாட்டிப் பழகிய கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

தெற்கே கிரீன்ஸ்பர்க்கில் ஒரு கிணறு. 1887-88-இல் ரயிலுக்கும் ஊருக்கும் தண்ணீர் வேண்டி மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்கள் தோண்டியது. ஆழம் 109 அடி, விட்டம் 32 அடி. 1932-இல் பயன்பாடு நின்றபின் படிக்கட்டு வைத்துப் பார்வைக்கு விட்டார்கள். ஊரின் இன்னொரு பொருள் விண்கல். சுற்றுவட்டாரத்தில் 1880-களில் எலைசா கிம்பர்லி என்ற விவசாயப் பெண் கனமான கறுப்புக் கற்களைப் பொறுக்கிச் சேர்த்தார். பைத்தியம் என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். 1890-இல் வந்து பார்த்த ஒரு பேராசிரியர் அவை விண்கற்கள் என்று சொல்லிப் பணம் கொடுத்து வாங்கினார். பிற்காலத்தில் 1949-இல் கிடைத்த அரை டன் கல் கிணற்றருகே வைக்கப்பட்டது. 2007 மே 4 இரவு, இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள சூறாவளி கிரீன்ஸ்பர்க்கின் 95 விழுக்காட்டைத் துடைத்தெடுத்தது. இடிபாடுகளைக் கிளறியபோது விண்கல் அகப்பட்டது. ஊரைப் பசுமைக் கட்டட விதிகளின்படி, காற்றாலை மின்சாரத்தோடு திரும்பக் கட்டினார்கள். கிணற்றின் மேல் 2012-இல் புதிய அருங்காட்சியகம் திறந்தது.

தென்கிழக்கு மூலை வேறொரு நாடு. நிலக்கரிக்காக இத்தாலி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா என்று பல திசையிலிருந்தும் வந்தவர்களால் அதற்கு ‘சின்ன பால்கன்’ என்றே பெயர். வெஸ்ட் மினரல் ஊருக்கு வெளியே ‘பிக் புரூட்டஸ்’ என்ற மின்சாரச் சுரண்டி நிற்கிறது. 160 அடி உயரம், 1.1 கோடி பவுண்டு எடை, ஒரே அள்ளலில் 150 டன் மண். 1963 முதல் 1974 வரை வேலை செய்தது. நிலக்கரி கட்டுபடியாகாமல் போனதும் நிறுத்தினார்கள். கழற்றி விற்றாலும் கூலிக்குக் காணாது என்பதால் விட்ட இடத்திலேயே விட்டுப் போனார்கள். 1985-இல் அது அருங்காட்சியகமாயிற்று. அது தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி, இப்போது மீன் பிடிக்க வருகிறார்கள்.

பிட்ஸ்பர்க் நகருக்கு வெளியே உள்ள கோழிக்கடைகளும் சுரங்கத்தின் மிச்சமே. 1933-இல் சுரங்க விபத்தில் ஆனி பிச்லரின் கணவர் காலை இழந்தார். குடும்பத்தைத் தாங்க ஆனி 1934-இல் வீட்டிலேயே பொரித்த கோழி விற்கத் தொடங்கினார். சில ஆண்டு கழித்துச் சற்றுத் தள்ளி மேரி செர்ன்காஸ்ட், அவரும் கணவர் உடல்நலம் கெட்டதால், அதே தொழிலில் இறங்கினார். ‘சிக்கன் ஆனீஸ்’, ‘சிக்கன் மேரீஸ்’ என்று இரண்டும் இன்றும் அக்கம்பக்கம். யார் கோழி ருசி என்பதில் மாவட்டமே இரண்டு கட்சி. இடையில் இரு குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் கல்யாணமும் செய்துகொண்டார்கள். கோழிக்குத் துணையாக வரும் ஜெர்மானிய உருளைக்கிழங்கு சாலடும் பூண்டு போட்ட முட்டைக்கோஸும் ஸ்பெகட்டியும் குடியேறியவர்களின் பூர்வீகத்தைத் தட்டிலேயே சொல்லிவிடுகின்றன.

மனிதர்கள் கூடி உட்காரும் இடங்களைப் பற்றிப் பேசும்போது கேன்சஸின் மதுவிலக்கைத் தாண்டிப் போக முடியாது. 1880-இல் வாக்கெடுப்பு நடத்தி, மதுவை அரசியலமைப்பிலேயே தடைசெய்த முதல் மாநிலங்களில் ஒன்று அது. தடை 1881 முதல் 1948 வரை நீடித்தது. அதன்பின்னும் திறந்த மதுக்கூடங்களுக்கு 1986 வரை அனுமதி கிடைக்கவில்லை. 1970-களில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒருவர் ஓடும் ரயிலிலேயே சோதனை போட்டார், வானத்தில் கேன்சஸைக் கடக்கும் விமானங்களும் மது பரிமாறக் கூடாது என்றார். இதனால் சிற்றூர்களில் ஆண்கள் கூடும் இடமாகக் காபிக்கடை வளர்ந்தது. காலை ஆறு மணிக்குக் கூட்டுறவுத் தானியக் கிடங்குக்கு எதிரே பிக்கப் வண்டிகள் நிற்கும். உள்ளே நீள மேசையில் மழை, கோதுமை விலை, வெள்ளிக்கிழமைக் கால்பந்தாட்டம். பள்ளிகள் சிறுத்துவிட்டதால் பதினொருவருக்குப் பதில் எட்டு பேர் கொண்ட அணியாக ஆடுவதும் அங்கே வழக்கம். பல கடைகளில் வாடிக்கையாளரின் கோப்பை அவரவர் பெயரோடு சுவர் ஆணியில் தொங்கும். காபிக்குக் காசு யார் கொடுப்பது என்பதைப் பகடை உருட்டி முடிவுசெய்யும் மேசைகளும் உண்டு. சாப்பாட்டில் விசித்திரமானது மிளகாய்க் குழம்பு போன்ற ‘சில்லி’யோடு லவங்கப்பட்டை ரொட்டியைச் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம், பள்ளி மதிய உணவில் படிந்த நாக்கு வயதானாலும் மாறுவதில்லை.

நகரத்துக்குள்ளும் அப்படிப்பட்ட ஒண்டுக்கடைகள் பிழைத்திருக்கின்றன. சலைனாவின் ‘கோஸி இன்’ 1922 முதல் வெங்காயத்தோடு வதக்கிய உள்ளங்கையளவு பர்கர்களை விற்கிறது. உட்கார ஆறு முக்காலிகள். ஒருமுறை நுழைந்தால் அன்று முழுவதும் சட்டையில் வெங்காய வாசனை போகாது. ஹேஸுக்கு அருகே விக்டோரியாவில், ரஷ்யாவின் வோல்கா கரையிலிருந்து 1876-இல் வந்த ஜெர்மானியர்கள் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த ‘பியராக்’ என்ற ரொட்டியைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் 1908 முதல் 1911 வரை கட்டிய புனித ஃபிடேலிஸ் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் 45 டாலரும் ஆறு வண்டிக் கல்லும் தர வேண்டும் என்பது அன்றைய வரி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கென்டக்கிக் கறுப்பின மக்கள் 1877-இல் குடியேறிய நிக்கோடிமஸ் ஊர் இன்னும் வடக்கே இருக்கிறது. 1888-இல் ரயில் பாதை விலகிப் போனதும் ஊர் சுருங்கிற்று. இன்று மிகச் சிலரே வாழ்கிறார்கள். ஆனால் ஜூலைக் கடைசியில் நாடெங்குமிருந்து வழித்தோன்றல்கள் திரும்பி வந்து கூடும் விழா விட்டுப்போனதில்லை. 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமாயிற்று.

இத்தனையும் சுற்றுலா வரைபடத்தில் ஏறியதில் கேன்சஸ் சாம்ப்ளர் ஃபவுண்டேஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்மன் என்ற சிற்றூரைச் சேர்ந்த மில் பென்னரும் அவர் மகள் மார்சி பென்னரும் வழிகாட்டி நூல்கள் எழுதுவதில் தொடங்கிய முயற்சி 1990-களில் அமைப்பாக வளர்ந்தது. கட்டடம், கலை, வணிகம், உணவு, வழக்கம், புவியியல், வரலாறு, மக்கள் என்று ஊர்ப் பண்பாட்டுக்கு எட்டுக் கூறுகளை வகுத்து, எந்தச் சிற்றூரிலும் இவற்றில் ஏதாவது ஒன்று காண்பதற்கு இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். 2008-இல் மக்கள் வாக்களித்த ‘கேன்சஸின் எட்டு அதிசயங்கள்’ பட்டியலில் கிரீன்ஸ்பர்க் கிணறு, காஸ்மோஸ்பியர், விக்டோரியா தேவாலயம், மானுமென்ட் ராக்ஸ் எல்லாம் இடம்பெற்றன.

பயணம் செய்வோருக்குச் சில நடைமுறைகள் உண்டு. நிலம் மைலுக்கு ஒரு சதுரமாக அளக்கப்பட்டதால் சாலைகள் கட்டம் கட்டமாக ஓடும். வழி தவறுவது கடினம், ஆனால் பாதிச் சாலைகள் சரளைக்கல் அல்லது மண். மழை பெய்தால் மானுமென்ட் ராக்ஸுக்குச் சிறிய காரில் போவது சேற்றில் மாட்டிக்கொள்ளவே. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். பதிலுக்குத் தூக்குவது மரியாதை. பல இடங்களைத் தன்னார்வலர்கள் நடத்துவதால் கதவில் தொலைபேசி எண் எழுதியிருக்கும், அழைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து சாவியோடு வருவார்கள். மவுண்ட் சன்ஃபிளவர் தனியார் பண்ணையில் இருப்பதால் வேலிக் கதவைத் திறந்தவர் மூடிவிட்டும் வர வேண்டும். ஏப்ரலில் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் புல்லுக்குத் தீ வைப்பார்கள். சக்கிமுக்கிக்கல் போன்ற கடினக் கல் நிறைந்திருந்ததால் ஏர் புகாமல் தப்பிய அந்த உயரப் புல்வெளி, நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பெரியது. மே மாதம் சூறாவளிப் பருவம்.

இவை எல்லாம் நிலையாக இருக்கும் என்று எண்ணிவிடவும் முடியாது. கோவ் மாவட்டத்தின் காசில் ராக் பாறையில் ஒரு கோபுரம் 2001-இல் புயல்மழைக்குப் பின் சரிந்து விழுந்தது. கோழிச் சாப்பாட்டுக்குப் பேர்பெற்ற புரூக்வில் ஹோட்டல் நூற்றாண்டுக்கு மேல் நடந்து 2020-இல் மூடப்பட்டது. சுண்ணம் கரைவதைத் தடுக்க வழியில்லை. கடைகளும் ஊர் அருங்காட்சியகங்களும் நீடிப்பது, அவற்றுக்குப் பொறுப்பெடுக்க அடுத்த தலைமுறையில் ஆள் கிடைப்பதைப் பொறுத்தது. சில ஊர்களில் மூடிய மளிகைக்கடையையோ காபிக்கடையையோ ஊராரே பங்கு போட்டு வாங்கி, முறைவைத்துக் கல்லாவில் உட்கார்ந்து நடத்துகிறார்கள்.